மாறுவேடம்

2022ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் 3ஆந் திகதி, ஞாயிற்றுக்கிழமை. நாடெங்கும் ஊரடங்குச் சட்டம். மின்வெட்டு முடிந்து விளக்கு எரிந்ததும் கைத்தொலைபேசியை எடுத்தோம். முகநூல் திறக்கவில்லை. வட்ஸ்அப்பில் இட்ட செய்தி இட்ட இடத்திலேயே நின்றது. உயர்தர வகுப்பிற் படிக்கும் அயல்வீட்டு மாணவன் வேலிக்கு அப்பால் நின்று நமது தடுமாற்றத்தைக் கண்டு சிரித்தான்.

“தாங்கோ சேர். ரெண்டு நிமிசம் போதும்.”

சொன்னபடியே இரண்டு நிமிடத்தில் வி.பி.என். செயலி ஒன்று நமது தொலைபேசியில் ஏறிற்று, முகநூலும் திறந்தது. பாதுகாப்பு அமைச்சின் வேண்டுகோளின்படி விதிக்கப்பட்ட அத்தடை ஒரு நாள் முழுதாகவும் நிலைக்கவில்லை. அன்றைய அமைச்சர் நாமல் ராஜபக்ச, தாமே வி.பி.என். வழியாக எழுதுவதாகவும் இத்தகைய தடைகள் பயனற்றவை எனவும் டுவிட்டரில் எழுதினார். தடை விதித்த அரசின் அமைச்சரே தடையைத் தாண்டிவந்து தடை வீண் என்று உரைத்த காட்சியைக் கண்டு நாமும் சிரித்தோம்.

ஆனால் அச்சிரிப்பு நெடுநேரம் நீடிக்கவில்லை. 2018ஆம் ஆண்டு மார்ச் மாதம் நினைவுக்கு வந்தது. திகனையிலே முஸ்லிம் மக்களின் வீடுகளும் கடைகளும் எரிந்தபோது, வெறுப்புப் பிரசாரத்தைத் தடுப்பதற்கென அரசு முகநூலையும் வட்ஸ்அப்பையும் சில நாட்கள் முடக்கிற்று. “நல்ல காரியம்” என்று ஆசிரியர் ஓய்வறையில் உரத்துச் சொன்னவர்களுள் நாமும் ஒருவர். வெறுப்பைத் தூண்டியவர்களைச் சட்டத்தின்முன் நிறுத்து என்றோ, சிங்களத்தில் எழுதப்படும் நஞ்சைக் கண்டறியப் போதிய ஆட்களை நியமியாத கம்பனியைக் கேள்வி கேள் என்றோ நாம் சொல்லவில்லை. தெருவையே மூடு என்றோம். சாவியை நாமே ஆட்சியாளர் கையிற் கொடுத்தோம். 2022இல் எரிவாயுவுக்கும் எரிபொருளுக்கும் வரிசையில் நின்று சலித்த மக்கள் வீதிக்கு இறங்கியபோது, அதே சாவி அவர்களுக்கெதிராகத் திரும்பிற்று. இதில் வியப்பதற்கு என்ன இருக்கிறது?

அவ்வாண்டு செப்டெம்பர் 16ஆந் திகதி தெஹ்ரானிலே, ஒழுக்கக் காவற்படையினர் பிடித்துச் சென்ற மஹ்சா அமினி என்ற 22 வயதுக் குர்திய யுவதி உயிரிழந்தார். “பெண், வாழ்வு, விடுதலை” என்ற முழக்கம் ஈரானெங்கும் எழுந்தது. முகநூலும் யூரியூப்பும் அங்கே பல ஆண்டுகளுக்கு முன்னரே தடைசெய்யப்பட்டவை. எஞ்சியிருந்த இன்ஸ்ரகிராமும் வட்ஸ்அப்பும் அந்த வாரத்திலேயே முடக்கப்பட்டன.

சில நாட்களின் பின் ரொறன்ரோவிலிருந்து நமது பழைய மாணவி ஒருத்தி அழைத்தாள். அவளோடு வேலை செய்யும் ஈரானியப் பெண்ணின் தமக்கை இஸ்பஹான் நகரிலே கணித ஆசிரியையாம். ஆசிரியர் சங்கத்தவர் தமக்குள் பேசிக்கொள்ளவும் வழியின்றி நிற்கின்றனராம். “சேர், நீங்கள் எங்களுக்குக் கொம்பியூட்டர் படிப்பிச்சனீங்கள். ஒரு வழி செய்து தரேலாதோ?” என்றாள்.

அயல்வீட்டு மாணவனின் இரண்டு நிமிட வித்தை அங்கே செல்லாது என்பதைச் சில நாட்களுக்குள் கற்றோம். சாதாரண வி.பி.என். செய்தியைப் பூட்டி அனுப்பும். பூட்டினுள் இருப்பதைக் காவலன் வாசிக்க இயலாது. ஆயினும், ‘இது பூட்டிய பெட்டி’ என்பதை அதன் வடிவமே அவனுக்குக் காட்டிக்கொடுத்துவிடும். அவனுக்கு அது போதும். பெட்டியை அப்படியே குப்பையில் எறிந்துவிடுவான். ஆகவே பெட்டி, பெட்டியாகத் தோன்றலாகாது. வங்கிக்கும் கடைக்கும் நாளாந்தம் போய்வரும் கோடிக்கணக்கான உறைகளுள் ஒன்றாகவே அது தோன்றவேண்டும். இணையத்தின் பாதுகாப்பான பக்கங்கள் யாவும் 443 என்ற இலக்கமுடைய வாயிலால் வந்துபோகின்றன. அவ்வாயிலை முற்றாக அடைத்தால் அரசின் சொந்த வர்த்தகமும் நின்றுபோம். மாறுவேடத்தின் சூட்சுமம் இவ்வளவே.

மாதம் 5 டொலருக்கு ஜேர்மனியில் ஒரு வழங்கியை வாடகைக்கு எடுத்தோம். அன்றைய நாணயமாற்றில் அது ஏறத்தாழ 1,800 ரூபா. மாணவி தன் அட்டையிற் செலுத்தினாள். ஒரு பெயரைப் பதிவுசெய்து, ‘லெற்ஸ் என்கிரிப்ற்’ என்ற இலாப நோக்கற்ற சேவையிடம் இலவசச் சான்றிதழும் பெற்றோம். பின்னர் ‘ட்ரோஜன்’ என்ற மென்பொருளை நிறுவினோம். கடவுச்சொல்லோடு வருபவரை அது உள்ளே விடும். ஏனையோருக்குச் சாதாரண இணையப் பக்கமொன்றைக் காட்டும். காவலர்கள் தாமே வந்து கதவைத் தட்டிப் பார்ப்பதும் உண்டாதலால் இவ்வேற்பாடு. என்ன பக்கத்தைக் காட்டுவது? பத்தாந்தர விஞ்ஞானப் பாடக்குறிப்புகள் நம்மிடம் இருந்தன. ஒளித்தொகுப்பையும் ஓமின் விதியையும் தமிழில் ஏற்றிவைத்தோம். பெயர்ப்பதிவில் ஓர் இலக்கத்தைப் பிழையாக இட்டு ஓரிரவு முழுவதும் விழித்திருந்தோம் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை.

அந்த மென்பொருள் சீனாவின் தணிக்கை மதிலைக் கடப்பதற்கென எழுதப்பட்டது. இதனைச் சொல்லும்போது நம் போன்றோர்க்கு ஒரு கூச்சம் உண்டு. மக்கள் குடியரசு என்ற பெயரின்மீது நமக்கிருந்த பற்று, அம்மதிலைக் காணாதிருக்க நம்மைப் பழக்கிற்று. இதே வகையைச் சேர்ந்த ‘ஷடோசொக்ஸ்’ என்ற கருவியை ஆக்கிய சீன இளைஞர், பொலிசார் பணித்ததால் 2015 ஓகஸ்ட்டில் தமது பணியைக் கைவிட்டுப் பொதுவில் வைத்திருந்த நிரலையும் நீக்கினார். ஆனால் அதற்குள் பிறர் பிரதியெடுத்துவிட்டனர், கருவி வாழ்ந்தது. லெனினும் தோழர்களும் ‘இஸ்க்ரா’ப் பத்திரிகையை வெளிநாட்டில் அச்சிட்டு, இரட்டை அடித்தட்டுப் பெட்டிகளில் ரஷ்யாவுக்குள் கடத்திய கதையைப் பெருமிதத்தோடு மாணவர்க்குச் சொன்ன நாம், இந்த இளைஞரின் கதையை ஏன் சொல்லவில்லை?

ஒக்டோபர் நடுவில் ரொறன்ரோ வழியாக ஒரு வரி வந்தது: “கதவு திறந்தது.” கூடவே அந்த ஆசிரியையின் கேள்வியும் வந்தது. எங்கள் பெயர்கள் உங்கள் இயந்திரத்திற் பதியுமா? பதிவேடு வைக்காதபடியே அமைத்துள்ளோம் என்று பதில் எழுதினோம். ஆயினும் உண்மை முழுவதையும் சொல்லவேண்டியிருந்தது. அவர்கள் எந்தெந்தத் தளங்களுக்குப் போகிறார்கள் என்பதை, வழியை நடத்துபவன் விரும்பினால் அறியலாம்; எனவே எம்மை நம்புவதைத் தவிர அவர்களுக்கு வேறு வழியில்லை. எழுதி முடித்தபோது கை கூசிற்று. முகமறியாத ஓர் அந்நியனின் நேர்மையில் தன் உயிரை வைக்கும்படி ஓர் ஆசிரியையைத் தள்ளுவதும் தணிக்கை செய்யும் கொடுமையே. காசுள்ளவன் சந்தையிலே ‘ஃபில்டர்ஷெகன்’, அஃதாவது வடிகட்டி உடைப்பான், விலைக்கு வாங்குகிறான். இல்லாதவன் இலவசமாகக் கிடைத்ததை நம்பி ஏமாறவும் கூடும். பேச்சும் ஒரு பண்டமாயிற்று.

அம்மாத இறுதியில் ஈரானிய ஆசிரியர்கள் இரு நாட்கள் வகுப்புக்குச் செல்லாது அமர்ந்து போராடினர். அந்நாட்களில் நமது வழங்கியூடாகச் சென்ற தரவின் அளவு பன்மடங்காயிற்று. நாம் கண்டது எண்களை மாத்திரமே. ஆனால் எந்த வாழ்த்துரையும் நமக்கு அத்துணை நிறைவைத் தந்ததில்லை.

நவம்பரில் அம்முகவரி அங்கே அடைபட்டது. இரண்டாவது முகவரி மூன்று வாரம் நின்றது. மூன்றாவது முகவரிக்கு எவரும் வரவில்லை. வருடம் பிறந்து சில மாதங்களின் பின், அந்த ஆசிரியை தொலைதூரப் பாடசாலை ஒன்றுக்கு மாற்றப்பட்டார் என அறிந்தோம். தண்டனை இடமாற்றம் என்பதை இந்நாட்டு ஆசிரியர்க்கு விளக்க வேண்டுமா?

மாறுவேடத்தை விடுதலையென நாம் மயங்கலாகாது. 2025 ஜூனில், இஸ்ரேலுடன் போர் மூண்ட நாட்களில், ஈரானிய அரசு இணையத்தையே ஏறக்குறைய முற்றாகத் துண்டித்தது. வீதியே இல்லாதபோது வேடத்தால் யாது பயன்? நமது நாட்டிலும் 2024 ஜனவரியில் நிகழ்நிலைக் காப்புச் சட்டம் பாராளுமன்றத்தில் நிறைவேறிற்று. எது பொய், எது மெய் எனத் தீர்க்கும் அதிகாரம் ஓர் ஆணைக்குழுவுக்கு அதில் வழங்கப்பட்டது. 1958ஆம் ஆண்டின் இனக்கலவரத்தை எழுதிய தார்சி வித்தாச்சியின் நூல் இலண்டனில் வெளிவர நேர்ந்ததை மறந்த நாடு இது. இரண்டு நிமிட வித்தையைக் கற்ற மாணவனுக்கு, அந்தச் சட்டத்தின் வாசகங்களை எழுத்தெழுத்தாய் வாசிக்கவும் நாம் கற்பிக்கவேண்டும். வித்தை இன்றைக்கு உதவும்; சாவி எவர் கையில் இருக்கவேண்டும் என்ற கேள்வியோ என்றைக்கும் உரியது.

வழங்கியின் வாடகையை நாம் இன்னும் நிறுத்தவில்லை. சென்ற தவணையில், வேறொரு பாடசாலை மாணவி நம்மிடம் வந்து, ஓமின் விதியை இணையத்தில் ஒரு தமிழ்ப் பக்கத்திற் படித்ததாகவும் அதில் ஒரு கணக்குப் பிழையென்றும் சொன்னாள். பார்த்தோம். பிழைதான். அன்றிரவே திருத்தினோம்.