முன்குடுமி ஒற்றன்

ஒற்றன் என்றதும் இக்காலத்துப் பிள்ளைகளின் மனக்கண்முன் தோன்றும் உருவம் ஒன்றே. மடிப்புக் கலையாத உடுப்பு, கையில் துப்பாக்கி, விரைந்தோடும் மோட்டார் வண்டி. பெயர் ஜேம்ஸ் பாண்டு. இப்பாத்திரத்தைப் படைத்த இயான் பிளெமிங் என்னும் ஆங்கில எழுத்தாளர், இரண்டாம் உலகப் போரின்போது பிரிட்டிஷ் கடற்படையின் உளவுப் பகுதியில் அலுவல் பார்த்தவர். போர் முடிந்தபின் ஜமைக்காத் தீவில் இல்லம் அமைத்துக்கொண்டு கதை எழுத அமர்ந்தார். கதாநாயகனுக்குப் பெயர் தேடியபோது, பறவைகளைப் பற்றிய நூல் ஒன்றின் ஆசிரியர் பெயரையே எடுத்துச் சூட்டிவிட்டார் என்பது சுவையான செய்தி. முதல் நாவல் 1953ஆம் ஆண்டு ஏப்ரலில் வெளிவந்தது. முதல் திரைப்படம் 1962இல் வந்தது. பிளெமிங் 1964இல் மறைந்தார். அவருடைய ஒற்றனோ இன்னும் மறைந்தபாடில்லை.

ஆங்கில வாசகர்கள் இவனை முதன்முதலாகச் சந்தித்த அதே 1953ஆம் ஆண்டில், தமிழ் மக்கள் வேறோர் ஒற்றனோடு மூன்றாண்டுகளாகப் பழகிவந்தனர். அவனிடம் துப்பாக்கி இல்லை. ஒரு தடி இருந்தது. மோட்டார் வண்டி இல்லை. இரண்டு கால்கள் இருந்தன. குட்டையான பருத்த உடல், நெற்றிக்கு மேலே முன்குடுமி, மேனியெங்கும் வைணவச் சின்னம், வாயில் ஓயாத வாதம். அவனே ஆழ்வார்க்கடியான் நம்பி. அவனைப் படைத்தவர் பேராசிரியர் கல்கி. இவ்விருவரையும் நினைந்து போற்றுதற்கு நம்மனோர்க்குத் தனியாக ஒரு காரணமும் உண்டு. அதனைக் கூறவே இக்கட்டுரையை எழுதத் துணிந்தோம்.

கல்கி என்னும் புனைபெயர் பூண்ட ரா. கிருஷ்ணமூர்த்தி, 1899ஆம் ஆண்டு செப்டம்பர் 9ஆம் நாள் மாயூரத்தை அடுத்த புத்தமங்கலத்தில் பிறந்தார். ஒத்துழையாமை இயக்கம் எழுந்தபோது, திருச்சியில் பள்ளிப் படிப்பை முடிக்காமலே வெளியேறிச் சிறை புகுந்தார். திரு.வி.க.வின் 'நவசக்தி'யிலும், ராஜாஜியின் 'விமோசனம்' இதழிலும் பணியாற்றி, பின்னர் 'ஆனந்த விகட'னில் புகழ்பெற்று, 1941இல் சதாசிவத்துடன் 'கல்கி' வார இதழைத் தோற்றுவித்தார். அவ்விதழில் 1950 முதல் 1954 வரை வாரந்தோறும் வெளிவந்த பெருங்கதையே 'பொன்னியின் செல்வன்'. ஓவியர் மணியம் படம் வரைந்தார். கதையை முடித்த அதே ஆண்டு டிசம்பர் 5ஆம் நாள் கல்கி காலமானார். அவருடைய நூல்கள் நாட்டுடைமை ஆகிவிட்டமையால், ஐந்து பாகங்களும் இன்று பல பதிப்பகங்களில் மலிவாகக் கிடைக்கின்றன.

ஆடிப் பதினெட்டாம் பெருக்கன்று வீரநாராயண ஏரிக்கரையில் வந்தியத்தேவன் குதிரையேறி வருவதோடு கதை தொடங்குகிறது. சிதம்பரம் வட்டாரத்தில் பிறந்த நமக்கு அந்த ஏரி பழகிய ஏரி. இன்று வீராணம் என்பர். அங்கே ஒரு கும்பலின் நடுவில் நின்று, சைவர் ஒருவரோடும் அத்வைதி ஒருவரோடும் மல்லுக்கு நிற்கிறான் ஆழ்வார்க்கடியான். முதன்முறை படிப்போர், 'இவன் நகைச்சுவைக்காக வந்த விதூஷகன்' என்று எண்ணிப் பக்கத்தைப் புரட்டுவர். கல்கியின் சாமர்த்தியம் அங்கேதான் இருக்கிறது. அன்றிரவே கடம்பூர் மாளிகையின் மதில்மேல் ஒரு தலை மட்டும் தெரிகிறது. அரசுரிமையை மாற்றச் சிற்றரசர்கள் கூடிச் செய்த சதி முழுவதையும் அத்தலை கேட்டுக்கொண்டிருக்கிறது. நாம் விதூஷகன் என்று எண்ணியவன், சோழப் பேரரசின் முதன்மந்திரி அநிருத்தப் பிரமராயரின் அந்தரங்க ஒற்றன் என்பது பின்னரே விளங்குகிறது.

வள்ளுவர் ஒற்றாடலுக்கென்றே ஓர் அதிகாரம் வகுத்தவர். 59ஆம் அதிகாரமாகிய அதில், துறவியர் கோலத்தில் எங்கும் புகுந்து வருபவனே தேர்ந்த ஒற்றன் என்றும், ஓர் ஒற்றனை மற்றோர் ஒற்றன் அறியலாகாது என்றும், ஒருவன் கொணர்ந்த செய்தியை இன்னொருவனைக் கொண்டு ஒத்துப்பார்க்க வேண்டும் என்றும் விதிக்கிறார். இவ்விலக்கணத்தைக் கையில் வைத்துக்கொண்டு கல்கியைப் படித்துப் பாருங்கள். பக்தனாக ஊர் சுற்றுகிறான் ஆழ்வார்க்கடியான். வந்தியத்தேவனும் அவனும் ஒரே அரசகுலத்தின் நன்மைக்கு உழைப்பவர்களாயிருந்தும், வழிநெடுக ஒருவரையொருவர் ஐயுற்றுக்கொண்டே செல்கின்றனர். மேனாட்டுக் கதைகள் வருமுன்னரே ஒற்றனுக்கு நூல் வகுத்த மொழி நம்முடையது.

ஆழ்வார்க்கடியான் கற்பனைப் பாத்திரம். அவனை ஏவிய மந்திரியோ கற்பனையல்லர். சுந்தர சோழரின் அன்பில் செப்பேடு, அநிருத்தர் என்னும் அந்த அமைச்சருக்கு அளித்த தானத்தைக் கூறுகிறது. அச்செப்பேட்டைப் படித்துப் பதிப்பித்தவர் து. அ. கோபிநாத ராவ். அவர் திருவிதாங்கூர் அரசின் தொல்பொருள் துறைத் தலைவராக இருந்தவர். நாம் இன்று குடியிருக்கும் இந்த நாட்டில் அலுவல் பார்த்த அறிஞர் ஒருவர் பதிப்பித்த ஏட்டில் இருக்கும் ஒரு பெயர், கல்கியின் கதையில் முதன்மந்திரியாக நடமாடுகிறது என்பதில் நமக்கு ஒரு தனி மகிழ்ச்சி.

இனி, நமது காரணத்துக்கு வருவோம்.

நாம் இரயில்வேயில் எழுத்தராக உள்ளோம். படிப்பு மெட்ரிகுலேஷனோடு நின்றது. தனுவச்சபுரத்தில் குடியிருப்பு. நெய்யாற்றங்கரைக்கும் பாறசாலைக்கும் இடைப்பட்ட இவ்வூரில் தமிழ் எது மலையாளம் எது என்று கோடு கிழித்துக் காட்டுதல் எளிதன்று. 1956ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் விளவங்கோடு முதலிய நான்கு வட்டங்கள் தமிழகத்தோடு இணைந்தன. நெய்யாற்றங்கரை வட்டம் கேரளத்திலேயே நின்றது. எல்லைக்கோடு நிலத்தில் விழுந்தது, நாவில் விழவில்லை. டிக்கெட் கொடுக்கும் சாளரத்துக்குப் பின்னால் அமர்ந்தால், ஊர்ப்பெயரைச் சொல்லும் குரலின் இழுப்பைக் கொண்டே, வந்தவர் மார்த்தாண்டத்துக்காரரா, பலராமபுரத்துக்காரரா, நம்மைப்போல் வடக்கேயிருந்து பிழைக்க வந்தவரா என்று சொல்லிவிடலாம். எழுத்தருக்கும் ஒற்றருக்கும் செவிதான் முதல்.

நம் மூத்த மகள் ஏழாம் வகுப்பில் மலையாள வழியில் படிக்கிறாள். அவள் பேசும் மலையாளத்தில் ஒரு பிசிறு இராது. சென்ற ஆண்டு மழைக்காலத்தில், இராச்சாப்பாட்டுக்குப் பின் 'பொன்னியின் செல்வ'னை உரக்கப் படிக்கத் தொடங்கினோம். தமிழ் எழுத்து அவளுக்குத் தட்டுத்தடுமாறியே வரும்; ஆதலின் நாம் படிக்க, அவளும் தம்பியும் கேட்பர்; நம் இல்லாள் முருங்கைக்கீரை ஆய்ந்தவாறே கேட்பாள். கடம்பூர் மதில்மேல் தலை தெரிந்த இரவு, மகள் நெடுநேரம் பேசாதிருந்தாள். பிறகு கேட்டாள்:

"அப்பா, நான் யார் பக்கத்து ஒற்றன்?"

விளங்காமல் நோக்கினோம். தலை குனிந்தவாறே சொன்னாள். வகுப்பில் சில பெண்கள் தமிழரைப் 'பாண்டி' என்று கேலி பேசுவார்களாம். பேச்சை, உடையை, எண்ணெய் தேய்த்த தலையை, எல்லாவற்றையும் நகைப்பார்களாம். இவள் தமிழ்ப் பெண் என்பதே அவர்களுக்குத் தெரியாதாம். மலையாளம் அவ்வளவு சுத்தமாயிருப்பதால் தங்களுள் ஒருத்தி என்றே எண்ணிப் பேசுகிறார்களாம். "நானும் மதில்மேல் தலையை வைத்துக்கொண்டு கேட்கிறவள்தானே, அப்பா? வீட்டுக்கு வந்தால் தமிழில் எழுதத் தெரியவில்லை என்கிறீர்கள். அங்கே தமிழென்று சொல்லப் பயமாயிருக்கிறது."

புலம்பெயர்ந்த குடும்பங்களில் இவ்வினா எத்தனை பிள்ளைகளின் நெஞ்சுக்குள் கிடக்கிறதோ! பிறர்மீது சினந்து பேசிவிடுதல் எளிது. அப்பெண்களும் குழந்தைகளே; எங்கோ கேட்டதைச் சொல்கிறார்கள். நம்மவர் வீடுகளில் மலையாளிகளைக் கேலி செய்யும் சொற்களும் இல்லாமல் இல்லை. அன்றிரவு நாம் அறிவுரை எதுவும் கூறவில்லை. மறுநாளும் அதற்கு மறுநாளும் கதையையே படித்தோம். படிக்கப் படிக்க, விடையை ஆழ்வார்க்கடியானே வைத்திருக்கக் கண்டோம்.

அவன் மறைத்தது எதை? மந்திரி தனக்கிட்ட பணியை மறைத்தான். மறைக்காதது எதை? தான் யார் என்பதை. வேளைக்கேற்பக் கோலம் மாற்றவும் அறிந்தவன்தான். ஆயினும் வாசகர் நெஞ்சில் நிலைத்து நிற்பது அந்த முன்குடுமியும் திருநாமமும் ஆழ்வார் பாசுரமுமே. சைவர் நிறைந்த கூட்டத்தின் நடுவே, 'நான் வைணவன்' என்று உரக்கச் சொல்லித் தடியை உயர்த்துகிறான். அடையாளத்தை ஒளிக்காததனாலேயே அவனைப் பலரும் ஒற்றன் என்று ஐயுறவில்லை. மேனாட்டு ஒற்றனும் இதில் நம்மவனுக்குச் சளைத்தவன் அல்லன். பகைவன் முன்னிலையிலும் தன் பெயரைத் தயங்காமல் சொல்லிவிடுகிறவன் அன்றோ! மேலும், ஆழ்வார்க்கடியான் கேட்டதெல்லாம் கோள் சொல்வதற்கன்று. ஒரு குடும்பம் தனக்குள் வெட்டிக்கொண்டு மாயாமல் காப்பதற்கே. இரு பக்கத்துப் பேச்சும் விளங்கும் செவி சுமையன்று. அது ஒரு பொறுப்பு. இதனை மகளுக்கு இரண்டே வாக்கியத்தில் சொன்னோம். அவள் தலையசைத்தாள், வேறொன்றும் கூறவில்லை.

சில வாரங்கள் சென்றபின், இடைவேளையில் தோழியருக்கு ஆழ்வார்க்கடியான் கதையை மலையாளத்தில் சொல்லத் தொடங்கியிருக்கிறாள். 'இக்கதை எங்கே படித்தாய்?' என்று கேட்டிருக்கிறார்கள். 'எங்கள் வீட்டில், அப்பா தமிழில் படிப்பார்' என்று சொல்லியிருக்கிறாள். சற்றுநேரம் எவரும் பேசவில்லையாம். பின்னர் ஒருத்தி, 'மீதியைச் சொல்' என்றாளாம். அவ்வளவே. கேலி அன்றோடு ஒழிந்தது என்று நாம் கூறமாட்டோம். ஆயினும் மகள் மதிலிலிருந்து இறங்கிவிட்டாள்.

அத்தோழியருள் ஒருத்தி, 'எங்களிடமும் இப்படி ஒருவன் உண்டு' என்று தன் பாட்டனாரின் புத்தகம் ஒன்றைக் கொடுத்தனுப்பினாள். அது சி. வி. ராமன் பிள்ளை 1891இல் வெளியிட்ட 'மார்த்தாண்டவர்மா'. மலையாளத்தின் முதல் வரலாற்று நாவல். நெய்யாற்றங்கரைக் கோயில் வளாகத்திலுள்ள அம்மச்சிப் பிலாவை நம் அன்பர்கள் பலரும் கண்டிருப்பர். எட்டுவீட்டுப் பிள்ளைமாரின் ஆட்களுக்கு அஞ்சி, இளவரசர் மார்த்தாண்டவர்மா அப்பலா மரத்துப் பொந்தில் ஒளிந்திருந்தார் என்பது இவ்வூர் வழக்கு. அக்காலத்தையே நாவல் சித்திரிக்கிறது. அதில் வரும் அனந்தபத்மநாபன், பகைவரால் தாக்குண்டு மாண்டான் என்று உலகம் நம்பியிருக்க, பித்தனாகவும் காசிவாசியாகவும் கோலம் பூண்டு இளவரசரைக் காக்கிறான்.

இரு நூல்களையும் அடுத்தடுத்துப் படித்தபோது ஒன்று தெளிவாயிற்று. அனந்தபத்மநாபன் தன்னையே முற்றிலும் மறைத்துவிட்டான். அதனால் அரசு பிழைத்தது. அவனையே நினைந்திருந்த பாறுக்குட்டியோ துயரால் நோயுற்றுக் கிடந்தாள். தன்னை மறைத்து வாழ்வதன் விலையை வீட்டிலிருப்போரே செலுத்த நேர்கிறது. சி. வி. அதனைக் கண்ணீரோடு காட்டினார்; ஆழ்வார்க்கடியானைச் சிரிக்கச் சிரிக்கப் படைத்த கல்கி மற்ற வழியைக் காட்டினார். இரண்டும் நம் பிள்ளைகள் அறியவேண்டியவை.

மற்றொரு செய்தியும் சொல்லத் தகும். மணிரத்னம் எடுத்த 'பொன்னியின் செல்வன்' திரைப்படம் 2022இலும் 2023இலும் இரு பாகங்களாக வந்தபோது, ஆழ்வார்க்கடியானாக நடித்தவர் ஜெயராம். கேரளத்துப் பெரும்பாவூரில் பிறந்து, மலையாளப் பட உலகில் புகழ்பெற்றவர். தமிழ்க் கதையின் ஒற்றனை ஏற்று நடிக்கப் பொருத்தமானவர் இம்மண்ணிலிருந்தே கிடைத்தார். அவர் தோன்றியதும் அரங்கில் நம் பிள்ளைகளும் அவர்களுடைய தோழியரும் சேர்ந்தே கைதட்டினர்.

நம் சங்கத்து அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். வருகிற ஆடிப் பதினெட்டு முதல், ஞாயிறுதோறும் மாலையில் ஒரு மணி நேரம், 'பொன்னியின் செல்வ'னை உரக்கப் படிக்கலாம். முதலில் பெரியவர்கள் படிக்கட்டும். எழுத்துப் பழகப் பழகப் பிள்ளைகள் ஆளுக்கொரு பக்கம் படிக்கட்டும். தடுமாறினால் எவரும் நகைக்க வேண்டா. மலையாளத் தோழர்களையும் தோழியரையும் அழைத்து வரலாம். விளங்காத இடத்தை நம் பிள்ளைகள் எடுத்துச் சொல்வார்கள். ஐந்து பாகங்களும் நம் வீட்டில் உள்ளன. பாய் விரிக்க இடமும், கட்டன் சாயாவும், பொரித்த மரவள்ளிக்கிழங்கும் நம் பொறுப்பு.