ஆலைச் சங்கும் எங்கள் பேட்டையும்

வடசென்னையில் புளியந்தோப்பையும் ஓட்டேரியையும் அடுத்திருக்கிறது எங்கள் பட்டாளம். இப்பேட்டையை மக்கள் நிறைந்த இடமாக்கியவை பின்னி நிறுவனத்தின் இரு துணி ஆலைகள். 1870-களில் பக்கிங்காம் ஆலையும் 1880-களில் கர்நாடிக் ஆலையும் தோன்றின. 1920-இல் இரண்டும் ஒன்றாயின. பிழைப்புத் தேடிச் சிற்றூர்களிலிருந்து மக்கள் வந்து குடியேறினர். தமிழும் தெலுங்கும் உருதும் ஒரே குழாயடியில் கலந்து ஒலித்தன.

என் தாத்தாவும் அப்படி வந்தவர்தாம். நெசவுப் பிரிவில் பணியாற்றி, ஆலை மூடப்படுவதற்கு முன்பே ஓய்வு பெற்றார். கடிகாரம் இல்லாத வீடுகளுக்கு ஆலைச் சங்குதான் கடிகாரம். “சங்கு ஊதறதுக்குள்ள சோறு வடிச்சாகணும்” என்று பாட்டி இன்றும் சொல்வார். மளிகைக் கடையில் கடன் கிடைத்ததும், பெண் வீட்டார் தேடி வந்ததும் ‘மில்லுக்காரர்’ என்ற ஒரு சொல்லை நம்பித்தான்.

1918 ஏப்ரல் 27-இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்ததும் இந்த ஆலைத் தொழிலாளர்களிடையேதான். பி. பி. வாடியா அதன் தலைவர், திரு. வி. க. அதற்காக அயராது உழைத்தவர். ஆனால் 1921 வேலைநிறுத்தத்தில் சாதி அவர்களைப் பிரித்தது. புளியந்தோப்பில் கலவரம் மூண்டது. ஆகவே பழைய காலமெல்லாம் பொற்காலம் என்று நான் சொல்ல வரவில்லை.

1996-இல் ஆலை மூடப்பட்டது. எங்கள் தெருவில் பதினொரு மில்லுக்காரர் குடும்பங்கள் இருந்தன என்று பாட்டி விரல்விட்டு எண்ணுவார். இன்று எங்களையும் சேர்த்து மூன்றே குடும்பங்கள். ஆலை நிலத்தில் அடுக்குமாடிக் குடியிருப்புகள் எழுந்துள்ளன. பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்த கட்டடத் தொழிலாளரைத் தேநீர்க் கடையில் காண்கிறேன். தாத்தாவைப் போலவே பிழைக்க வந்தவர்கள். ஆனால் கட்டடம் முடிந்தால் அவர்களும் புறப்பட்டுவிடுவர்.

மக்கள்தொகைக் கணக்கு என்ன சொல்கிறது? சென்னை மாவட்டத்தில் 1991-இல் சுமார் 38 லட்சம் பேர். 2011-இல் 46 லட்சத்துக்கும் மேல். நகரம் வளர்ந்தது உண்மை. ஆனால் தலைகளின் எண்ணிக்கை குறையாமலேயே ஒரு பேட்டை தன் மக்களை இழந்துவிட முடியும் என்பதை அந்த எண்கள் காட்டுவதில்லை.

இவ்வாண்டு எங்கள் வாடகையும் உயர்ந்துவிட்டது. செங்குன்றத்தில் வீடு பார்க்கலாம் என்கிறார் அப்பா. பாட்டி மறுமொழி சொல்வதில்லை. நாங்கள் நால்வர் போனால் வேறு நால்வர் வருவர், கணக்கு நேராகிவிடும். அவர்களும் வாழ வருபவர்கள்தாம். அவர்கள்மீது எனக்கு வருத்தமில்லை.

ஆனால் போனவர்களின் பெயராவது நிற்க வேண்டாமா? பாட்டி சொல்லச் சொல்ல, யார் எந்த ஊரிலிருந்து வந்தார், எங்கே போனார் என்று ஒரு நோட்டில் எழுதி வருகிறேன். இதுவரை ஏழு குடும்பங்கள் ஆயின. நண்பர்களே, உங்கள் தெருவிலும் இப்படி எண்ணிச் சொல்ல ஒரு பாட்டி இருப்பார். அவர் இருக்கும்போதே கேட்டு எழுதிவிடுங்கள்.