முன்னோட்ட இசையும் தோட்டத்து உறுமியும்

திரைப்பட முன்னோட்டத்துக்கு இசையமைப்பது, படத்துக்கு இசையமைப்பதிலிருந்து வேறான ஒரு தொழில். படத்தின் பின்னணி இசை பெரும்பாலும் படத்தொகுப்பு முடிந்த பிறகுதான் எழுதப்படுகிறது. முன்னோட்டமோ அதற்குப் பல மாதம் முன்பே திரையரங்குக்குப் போய்விட வேண்டும். இந்த இடைவெளியில் பிறந்ததுதான் இத்தொழில். ஹாலிவுட்டில் 1970களிலிருந்தே ஜான் பீல் முன்னோட்டங்களுக்கென்று இசையமைத்து வந்தார். யோவ் கோரனும் ஜெஃப்ரி ஃபேமனும் 1993இல் தொடங்கிய இம்மீடியட் மியூசிக், தாமஸ் பெர்கர்சனும் நிக் ஃபீனிக்ஸும் 2006இல் தொடங்கிய டூ ஸ்டெப்ஸ் ஃப்ரம் ஹெல் போன்றவை இதை நிறுவனத் தொழிலாக வளர்த்தன. இவர்கள் இசை உலகெங்கும் திரையரங்குகளில் ஒலித்தது. பெயர் எங்கும் வரவில்லை. முன்னோட்டத்தில் இசையமைத்தவர் பெயர் போடும் வழக்கம் இல்லை. தொடக்கத்தில் வட்டுகளும் தொழில்துறைக்குள் மட்டுமே சுற்றின. டூ ஸ்டெப்ஸ் ஃப்ரம் ஹெல் பொதுமக்களுக்கென்று முதல் தொகுப்பை விற்பனைக்கு விட்டது 2010இல்தான்.

படத்துக்கு இசையமைப்பவர் காட்சியைப் பார்த்துக்கொண்டு எழுதுகிறார். முன்னோட்டத்தில் நிலைமை தலைகீழ். பெரும்பாலும் இசை முதலில் வந்துவிடும். எடிட்டர் அதன் தாளத்துக்குக் காட்சிகளை வெட்டுகிறார். ஆகவே வெட்டுவதற்கு வாகாக எழுதுவதே இங்கே கைத்திறன். தாளம், தந்தி, பித்தளை ஊதுகருவி, பாடற்குழு, மின்னொலி என்று ஒவ்வோர் அடுக்கையும் தனித்தனிக் கோப்பாகப் பிரித்துக் கொடுக்கிறார்கள். இவற்றை ஸ்டெம் என்பார்கள். எடிட்டர் ஓரிடத்தில் தாளத்தை மட்டும் விடுவார், இன்னோரிடத்தில் குரலை மட்டும் நிறுத்துவார். எங்கே பிரித்தாலும் இசை உடையாமல் நிற்க வேண்டும்.

இசையின் ஏற்றம் பெரும்பாலும் மூன்று படியில் அமைகிறது. தொடக்கம் கிட்டத்தட்ட மௌனம்: ஒரு பியானோ சுரம், அல்லது தூரத்தில் ஒரு பெண்குரல். நடுவில் தாளம் நுழைகிறது. கதையின் சிக்கல் தெரிகிறது. கடைசி முப்பது நாற்பது நொடியில் எல்லா அடுக்கும் ஒன்றாக இறங்குகின்றன. பிறகு சட்டென்று ஒரு நிசப்தம், ஒரு வசனம், படத்தின் பெயர், கடைசி அடி. அந்த நிசப்தத்தைச் சரியான இடத்தில் வைப்பதுதான் ஆகக் கடினம். அதற்கு முன்னே ரைசர் என்ற ஓசை வரும்: கீழ்ச்சுரத்திலிருந்து வழுக்கிக்கொண்டே மேலே ஏறி, கேட்பவரின் மூச்சைப் பிடித்து நிறுத்தும் ஓசை. இவை அனைத்தும் இரண்டரை நிமிடத்துக்குள் முடிந்தாக வேண்டும்.

பழைய படத்தின் இசையைப் புது உடுப்பில் கொண்டுவருவதும் உண்டு. கிளின்ட் மான்செல் 2000இல் ரெக்வியம் ஃபார் எ ட்ரீம் படத்துக்கு எழுதிய இசை, பெரிய வாத்தியக் குழுவோடும் பாடற்குழுவோடும் மறுபதிவாகி, 2002இல் லார்ட் ஆஃப் த ரிங்ஸ் இரண்டாம் பாகத்தின் முன்னோட்டத்தில் ஒலித்தது.

தமிழ்ப் படங்களில் இந்தப் பிரிவினை குறைவு. பெரும்பாலும் படத்தின் இசையமைப்பாளரே முன்னோட்டத்தையும் கவனித்துக்கொள்கிறார். மலேசியத் தமிழர் கதையான கபாலி இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. 2016 மே 1இல் அதன் முன்னோட்டத் துணுக்கு வெளியானபோது, சந்தோஷ் நாராயணன் இசையில் அருண்ராஜா காமராஜ் பாடிய நெருப்புடா என்ற முழக்கம் படத்துக்கு முன்பே ஊரெல்லாம் பரவிவிட்டது. படம் வந்தது ஜூலை 22இல். அந்தப் படத்தின் இன்னொரு பாட்டில் ராப் பகுதியைத் தந்தவர் மலேசியக் கலைஞர் ரோஷன் ஜாம்ராக்.

மலேசியாவில் எடுக்கப்படும் தமிழ்ப் படங்களில், முன்னோட்டத்துக்கென்று தனி நிறுவனத்தை அமர்த்தும் அளவுக்குப் பணம் புழங்குவது அரிது. ஆனால் ஒலியைப் புதிதாகத் தேடும் துணிவு, ஈப்போவைத் தலைநகராகக் கொண்ட பேராக் மாநிலத்தில் உண்டு. ஷான்ஜேய் குமார் பெருமாள் இயக்கி 2015 டிசம்பரில் வெளியான ஜகாட், தோட்டத்தைவிட்டு வெளியேறிய குடும்பங்களின் 1990களைச் சொல்லும் படம். 2016இல் மலேசியத் திரைப்பட விழாவில் சிறந்த மலேசியப் படம் என்ற விருதைப் பெற்றது. அதன் இசையில் கமல்நாத் ராவோடு ஸ்பேஸ் கம்புஸ் எக்ஸ்பெரிமென்ட் குழுவும் பங்கேற்றது. அக்குழுவை நடத்துபவர் ஈப்போவில் இயங்கும் கமல் சப்ரான். ஒரு மலாய்ப் பரிசோதனைக் குழுவும் ஒரு தோட்டத் தமிழ்க் கதையும் இப்படிச் சேர்ந்ததைப் பெரிய செய்தியாகவே கொள்ள வேண்டும்.

பேராக்கின் ஒலி எங்கிருந்து வருகிறது என்பதை அறிய கித்தாக் காட்டுக்குத்தான், அதாவது ரப்பர்த் தோட்டத்துக்குத்தான், போக வேண்டும். 1877இல் கோலகங்சாரில் நட்ட ரப்பர்க் கன்றுகளில் ஒன்று மரமாகி இன்றும் நிற்கிறது. அதன்பின் வந்த தோட்டங்கள் சுங்கை சிப்புட்டிலிருந்து தெலுக் இந்தான்வரை பரவின. இருட்டோடு பெரட்டு என்ற ஆள் கணக்கெடுப்பு, நிரை நிரையாக மரம் சீவும் உளி, மங்கு என்ற கிண்ணத்தில் சொட்டும் பால், பால் ஸ்டோரில் வாளிகள் மோதும் ஓசை. வெயில் காலத்தில் ரப்பர்க் காய் மரத்திலேயே வெடிக்கும். கொட்டை தூரத்தில் போய் விழும். வெறிச்சோடிய காட்டில் அந்த வெடிப்பைக் கேட்டவர்கள் அதை மறப்பதில்லை. முன்னோட்டத்தின் கடைசி அடிக்கு இதைவிடப் பொருத்தமான ஓசையைக் கணினியில் செய்துவிட முடியாது.

தோட்டத்து மாரியம்மன் திருவிழாவில் வளர்ந்தது உறுமி மேளம். உறுமியின் ஒரு முகத்தை வளைந்த குச்சியால் உராய்வார்கள், மறுமுகத்தை அடிப்பார்கள். உராயும் கையின் அழுத்தம் கூடக் குறைய ஓசை அடிவயிற்றிலிருந்து எழும் முனகலாக ஏறி இறங்கும். ரைசர் செய்ய ஒலிப்பதிவுக் கூடங்கள் மின்கருவியில் தேடும் வழுக்கலும் இதுதான். உறுமிக்காரர் அதை ஒரு குச்சியால் செய்கிறார். கூடவே மேளமும் ஜால்ராவும் சேர்ந்து, மெதுவாகத் தொடங்கி, விசை கூடி, அருள் வரும் கட்டத்தில் உச்சத்தைத் தொட்டு, சட்டென்று நிற்கும். தைப்பூசத்தன்று ஈப்போவில் புந்தோங்கிலிருந்து கல்லுமலை சுப்பிரமணியர் கோயிலுக்குப் போகும் காவடிகளுக்குப் பின்னால் நடப்பவர், முன்னோட்ட இசையின் மூன்று படிகளையும் தெருவிலேயே கேட்கலாம்.

தோட்டங்கள் துண்டாடப்பட்டன, கித்தா போய்ச் செம்பனை வந்தது, குடும்பங்கள் புந்தோங் போன்ற இடங்களுக்குக் குடிபெயர்ந்தன. உறுமி கூடவே வந்துவிட்டது. வரத் தவறியது வாசித்தவர்களின் பெயர்ப் பட்டியல். ஒவ்வொரு தோட்டத்துக்கும் ஓர் அடி இருந்தது, ஒரு நடை இருந்தது. அதை யாரிடமிருந்து யார் கற்றார் என்பது வாய்வழியாகவே போய்க்கொண்டிருக்கிறது. முன்னோட்ட இசை நிறுவனங்களின் பலம் முழுவதும் அவற்றின் ஒலி நூலகத்தில் இருக்கிறது: ஒவ்வோர் ஓசையும் தெளிவாகப் பதிவாகி, அடுக்கு பிரித்து, உரிமையாளர் பெயரோடு, விலையோடு காத்திருக்கும். பேராக்கின் உறுமிக்கு அப்படி ஒரு நூலகம் எழும்பினால், கோலாலம்பூரிலோ சென்னையிலோ படமெடுப்பவர்கள் அதைத் தேடி வர முடியும். வாசித்தவருக்கும் பங்கு போய்ச் சேரும். மலேசியாவின் 1987ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் நிகழ்த்துபவரின் உரிமையையும் ஏற்கிறது. ஆனால் யார் வாசித்தார் என்ற குறிப்பு இல்லாத பதிவுக்கு அந்த உரிமையைக் கேட்டுப் பெறுவது கடினம்.

இதற்குப் பெரிய முதலீடு தேவையில்லை. ஒரு நல்ல மைக், அமைதியான ஓர் அறை, ஒவ்வொரு வாத்தியத்தையும் தனியாகவும் பிறகு கூட்டாகவும் பதிவு செய்யும் பொறுமை, இவை போதும். வீட்டில் உறுமி வாசித்த பெரியவர் இருந்தால், வரும் தைப்பூசத்துக்கு முன்பே அவரை உட்காரவைத்துப் பதிவு செய்துவிடுங்கள். கோப்பின் பெயரில் அவர் பெயரையும் அவர் வாசித்த தோட்டத்தின் பெயரையும் சேர்த்து எழுதி வையுங்கள்.