விறகு வாங்க வேண்டாம்ங்க

எங்க ஊர் ராசிபுரத்துக்குப் பக்கம். ராத்திரி பஸ்ஸில் தூங்கிக்கொண்டு வந்தாலும் இறங்கும் இடம் தவறாது. சேகோ ஆலைக் குட்டையின் வாடை எழுப்பிவிடும். மாவு புளித்த மாதிரி ஆரம்பித்து, முட்டை அழுகின மாதிரி முடியும் வாடை அது. காலேஜ் சேர்ந்து முதல் லீவுக்கு வந்தபோதுதான் அது வாடை என்பதே எனக்குத் தெரிந்தது. அதுவரைக்கும் காற்று என்றால் இப்படித்தான் இருக்கும்னு நினைத்திருந்தேன்.

அப்பா அந்த ஆலையில் 26 வருஷம் வறுப்பு வேலை பார்த்தவர். குச்சிக்கிழங்கைத் தோல் நீக்கி, கழுவி, அரைத்து, வடிகட்டிய பாலைத் தொட்டியில் விட்டால் மாவு அடியில் தங்கும். அந்த மாவைக் குருணையாக உருட்டி, சூடான தட்டில் வறுத்து, களத்தில் காயவைத்தால் ஜவ்வரிசி. வறுப்பதற்கு விறகு வேண்டும். மாவு தங்கின பிறகு மேலே நிற்கும் தண்ணி குட்டைக்குப் போகும். அம்மாயி வீட்டுக் கிணறு அந்தக் குட்டைக்கு இரண்டு வயல் தள்ளி இருந்தது. நான் ஏழாவது படிக்கும்போது கிணற்றுத் தண்ணி டீத்தண்ணி நிறத்துக்கு வந்துவிட்டது. அம்மாயி அதற்குப் பிறகும் தினம் ஒரு வாளி இறைத்து, மோந்து பார்த்து, கொட்டிவிடுவார். என்றைக்காவது சரியாகிவிடும் என்று.

ஆலையைத் திட்டி இதை எழுதினால் நான் நன்றி கெட்டவள். என் காலேஜ் ஃபீஸ் அந்தத் தட்டிலிருந்து வந்தது. சேலம் வட்டாரத்துக்கே அப்படித்தான். இரண்டாம் உலகப்போர் காலத்தில், அமெரிக்காவிலிருந்து வந்த மக்காச்சோள மாவு நின்றுபோன சமயம், மீன் வியாபாரத்துக்காகக் கேரளா போய்வந்துகொண்டிருந்த சேலம் மாணிக்கம் செட்டியார், பினாங்கிலிருந்து வந்திருந்த போபட்லால் ஷாவைச் சந்திக்கிறார். 1943 வாக்கில் இருவருமாகக் கிழங்கு மாவுத் தொழிலை இங்கே தொடங்கினார்கள். 1981இல் சேகோசர்வ் கூட்டுறவுச் சங்கம் வந்தது. 2023இல் சேலம் ஜவ்வரிசிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. இத்தனை வருஷமும் குட்டையில் குமிழி வந்துகொண்டேதான் இருந்தது.

சின்ன வயசில் அந்தக் குமிழியைக் கல்லால் அடித்து விளையாடுவோம். கெமிக்கல் இன்ஜினியரிங் மூன்றாம் வருஷம், காற்றில்லாச் செரிமானம் பற்றிய பாடத்தில்தான் அதற்குப் பேர் மீத்தேன் என்று உறைத்தது. நூறு வருஷக் கணக்கில் பார்த்தால் கரியமில வாயுவைவிட ஏறத்தாழ 28 மடங்கு பூமியைச் சூடாக்குவது. அடுப்பில் எரிக்கக்கூடிய வாயுவும் அதுதான். அதாவது எங்க ஆலை, எரிவாயுவைக் காற்றில் விட்டுவிட்டு விறகை விலை கொடுத்து வாங்கிக்கொண்டிருந்தது.

*

கணக்கு எளிதானதுதான். நடுத்தர ஆலை ஒன்றிலிருந்து ஒரு நாளைக்கு ஒன்றரை லட்சம் லிட்டர் கழிவுநீர் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். அதிலுள்ள அழுக்கைச் சிஓடி என்ற அளவால் சொல்வார்கள். லிட்டருக்கு 5 கிராம் என்றால், மொத்தம் 750 கிலோ. ஒரு கிலோ சிஓடி முழுசாகச் செரித்தால் 0.35 கன மீட்டர் மீத்தேன். எண்பது சதவீதம் செரித்தாலே தினமும் 200 கன மீட்டருக்கு மேல் கிடைக்கும். அரை டன் விறகு தரும் சூடு அது. பருவநிலை பாஷையில் சொன்னால், அந்த மீத்தேனில் பாதி குட்டையிலிருந்து தப்பினாலும் நாளொன்றுக்கு 2 டன் கரியமில வாயுவுக்குச் சமம்.

இதற்கான தொட்டியையும் நான் கண்டுபிடிக்கவில்லை. 1970களில் நெதர்லாந்தில் கட்சே லெட்டிங்கா என்பவர் பீட்ரூட் சர்க்கரை ஆலைக் கழிவுநீருக்காக உருவாக்கியது. தண்ணி அடியிலிருந்து மேலே ஏறும், நுண்ணுயிர்கள் சேறாக அடியிலேயே தங்கும், வாயு மேலே பிரியும். ஏழை நாடுகளும் பயன்படுத்தட்டும் என்று அவர் காப்புரிமைகூட வாங்கவில்லை. சேலம், நாமக்கல் ஆலைகள் சிலவற்றில் இந்த மாதிரித் தொட்டிகள் ஏற்கெனவே உண்டு.

அப்புறம் எதற்கு இன்னொரு ஸ்டார்ட்அப்?

பதில் பக்கத்து ஊர் ஆலையில் இருந்தது. 2020இல் கொரோனா வந்து, சென்னை வேலையை விட்டு ஊருக்குத் திரும்பியிருந்தேன். அந்த ஆலையிலும் ஒரு தொட்டி இருக்கிறது என்று கேள்விப்பட்டு, அப்பாவைக் கூட்டிக்கொண்டு போய்ப் பார்த்தேன். சுற்றிலும் தகரம் அடித்து ஆடு கட்டியிருந்தார்கள். முதல் சீசன் நன்றாக ஓடியதாம். பங்குனியோடு கிழங்கு குறைந்து ஆலை நின்றதும் நுண்ணுயிர்கள் பட்டினி. அடுத்த சீசன் கேஸ் வரவில்லை. கட்டிக்கொடுத்தவர்கள் போனை எடுக்கவில்லை.

ஆடு கட்டின தொட்டியைப் பார்த்துவிட்டு வந்த ராத்திரிதான் கம்பெனி ஆரம்பிக்க முடிவு செய்தேன் என்று கூட்டங்களில் சொல்வேன். கைதட்டுவார்கள். அது பாதி நிஜம்தான்.

*

அப்பா வேலை பார்த்த ஆலையின் முதலாளியே முதல் வாய்ப்பைக் கொடுத்தார். கூடப் படித்த நண்பன் ஒருவனும் நானும் சேர்ந்தோம். கொஞ்சம் விதை நிதி, கொஞ்சம் அம்மாவின் நகை. தொட்டி கட்டி, சாணிக்கரைசலும் வேறொரு ஆலையின் சேறும் கொட்டி, மூன்று மாசம் குழந்தைக்கு ஊட்டுகிற மாதிரி கொஞ்சம் கொஞ்சமாகக் கழிவுநீர் விட்டோம். கார்த்திகையில் நீலமாக எரிந்தது. அப்பா தட்டில் கையை வைக்காமலே சூடு பார்த்து, “விறகைவிட ஒரே சீரா இருக்குது” என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

அந்த மயக்கத்தில்தான் முதலாளியிடம் சொன்னேன்: “இந்த சீசன் விறகு வாங்க வேண்டாம்ங்க.”

யாரும் என்னை அப்படிச் சொல்லச் சொல்லவில்லை. ஒரு போட்டிக்கு அனுப்பிய ஸ்லைடில் ‘100 சதவீதம் விறகு இல்லா ஆலை’ என்று போட்டிருந்தேன். அது நிஜமாக வேண்டும் என்ற ஆசை. அவரும் நம்பினார். விறகு லோடு நின்றது.

பொங்கலுக்கு ஆலை ஐந்து நாள் லீவு. பிடுங்கின குச்சிக்கிழங்கு இரண்டு மூன்று நாளைக்கு மேல் தாங்காது. லீவு முடிந்ததும் கேட்டுக்கு வெளியே டிராக்டர் வரிசை நின்றது. இரண்டு ஷிஃப்ட் ஓட்டினார்கள். ஐந்து நாள் காய்ந்து கிடந்த தொட்டிக்குள் முழுவேகத்தில் கழிவுநீர் இறங்கியது. தொட்டிக்குள் இரண்டு கூட்டம் உண்டு. ஒன்று மாவை அமிலமாக்கும், அது வேகமானது. இன்னொன்று அமிலத்தைத் தின்று மீத்தேன் விடும், அது மெதுவானது. வேகமான கூட்டம் முந்திக்கொண்டால் தொட்டி புளித்துவிடும்.

இரண்டாம் நாளே அப்பா சொன்னார். “கண்ணு, வாடை மாறுது. காடி மாதிரி வருது.”

நான் போனைக் காட்டினேன். பிஎச் 6.9. “எல்லாம் சரியா இருக்குதுப்பா.”

சென்சார் முனையில் மாவுப்படலம் ஒட்டி, பழைய எண்ணையே காட்டிக்கொண்டிருந்திருக்கிறது. நான்காம் நாள் காலையில் நெருப்பு மஞ்சளானது, நடுங்கியது, அணைந்தது. கையால் எடுத்துப் பார்த்த தண்ணியில் பிஎச் 5.2.

களத்தில் நின்றுகொண்டு முதலாளி கேட்டார். சத்தமே போடவில்லை. “அம்மிணி, கேஸு வரலைன்னு நான் கிழங்குகிட்ட சொல்லவா, விவசாயிகிட்ட சொல்லவா? நீங்களே சொல்லுங்க.”

ஈரக் குருணை வறுபடாமல் கிடந்தால் புளித்து நிறம் மங்கும். ஜவ்வரிசியில் வெள்ளைக்குத்தான் விலை. அன்றைக்கு மட்டும் ஒரு நாள் சரக்கு போனது. வரிசையில் நின்ற டிராக்டர்களில் ஒன்று எங்க பெரியப்பாவுடையது. அவர் என்னைப் பார்த்துவிட்டு, பார்க்காத மாதிரித் திரும்பிக்கொண்டார்.

மத்தியானம் ஆடு கட்டின தொட்டி ஞாபகம் வந்தது. அவர்கள் ஏன் போனை எடுக்கவில்லை என்று அன்றைக்குத்தான் புரிந்தது. என் போனும் அடித்துக்கொண்டிருந்தது. அதைப் பார்த்தபடி நானும் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

அப்புறம் எடுத்தேன். சாயங்காலத்துக்குள் இரண்டு லோடு விறகு இறக்கினோம். கம்பெனிக் கணக்கிலிருந்து. போன சரக்குக்கும் பணம் கொடுத்தோம். தொட்டிக்கு வரத்தை நிறுத்தி, சோடா உப்பு கலந்து, புதுச் சேறு கொண்டுவந்து விட்டு, நெருப்பு மறுபடி நீலமாக 24 நாள் ஆனது. அத்தனை நாளும் விறகு எங்கள் செலவு. நண்பன், “இப்படிப் போனா நாம அடுத்த சீசன் இருக்கமாட்டோம்” என்றான். கணக்குப்படி அவன் சொன்னது சரி. மார்ச்சில் பெங்களூர் வேலைக்குப் போய்விட்டான். சண்டை ஒன்றும் இல்லை.

*

அந்த 24 நாளில்தான் எங்கள் தொழில் என்ன என்பது எனக்குப் பிடிபட்டது. இப்போது நாங்கள் தொட்டி விற்பதில்லை. சூடு விற்கிறோம். ஆலை தருவது கழிவுநீரும் இடமும். எரிந்த கேஸுக்கு மட்டும் பணம், அதுவும் விறகு விலையைவிடக் குறைவாக. கேஸ் வராத நாளில் விறகு எங்கள் செலவில். கோடையில் ஆலை நிற்கும்போது தொட்டிக்குத் திப்பியைக் கரைத்து ஊட்டி உயிரோடு வைப்பதும் எங்கள் வேலை.

இதைக் கோயம்புத்தூரில் ஒரு முதலீட்டாளரிடம் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, “இது கிளைமேட் டெக் இல்லைங்க, விறகுக்கடை” என்றார். அவர் பக்கத்தில் நியாயம் இருக்கிறது. நஷ்டத்தை நாம் சுமந்தால் வேகமாக வளர முடியாது. 2018இல் மத்திய அரசு சதத் திட்டத்தை அறிவித்தபோது நாடு முழுக்க 5,000 உயிர்வாயு ஆலைகள் என்று இலக்கு சொன்னார்கள். நான்கு வருஷத்தில் நான் மூன்று ஆலைகளில்தான் இருக்கிறேன். கார்பன் கிரெடிட் பக்கமும் போய்ப் பார்த்தேன். இந்த அளவுக்கு வரும் பணம் தணிக்கைச் செலவுக்கே காணாது.

ஆனாலும் குட்டைகளில் ஒன்று இப்போது மூடிக்கிடக்கிறது. அம்மாயி கிணறு இன்னும் தெளியவில்லை. மண்ணுக்குள் இறங்கினது அத்தனை சீக்கிரம் போகாது. அம்மாயி போய்ச் சேர்ந்து ஒரு வருஷம் ஆகிறது. வாளி இறைக்கிற வேலை இப்போது அம்மாவுக்கு.

முதல் ஆலையில் வாரம் ஒரு தரம் சென்சாரைக் கழற்றிக் கழுவுகிறோம். அதற்கு முன்னால் அப்பா தொட்டியை ஒரு சுற்றுச் சுற்றி மோந்து பார்த்து, நோட்டில் எழுதுவார். ‘சரி’, ‘லேசா காடி’. அவருக்குச் சம்பளம் உண்டு. முதலாளி மட்டும் கொட்டகை ஓரத்தில் இரண்டு டன் விறகை அடுக்கியே வைத்திருக்கிறார். போன மாசம் அதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவருக்குச் சங்கடமாகிவிட்டது.

“தப்பா நெனைக்காதீங்க அம்மிணி. சும்மா கெடக்கட்டும்.”

“கெடக்கட்டும்ங்க” என்றேன். “நனையாம மேல ஒரு தார்ப்பாய் போட்டு வைங்க. அதுவும் எங்க கணக்குல.”