செதுக்கியவர் பெயர் எங்கே?

ஆப்பிரிக்க முகமூடி அசலா, போலியா என்று பார்க்கத் தெரிந்தவர்கள் முதலில் அதைத் திருப்பி உட்பக்கத்தைப் பார்க்கிறார்கள். முகம் உரசி உரசி விளிம்பு வழுவழுப்பாகியிருக்கிறதா? நெற்றி பட்ட இடம் வியர்வை ஊறிக் கறுத்திருக்கிறதா? நார் உடையைக் கட்டப் போட்ட ஓரத்துத் துளைகள் கயிறு இழுத்துத் தேய்ந்திருக்கின்றனவா? விற்பதற்கென்றே செய்து, புகையூட்டிப் பழசாக்கியதில் கறை எங்கும் ஒரே மாதிரி இருக்கும். ஆடிய முகமூடி, ஆடியவரின் உடம்பு தொட்ட இடத்தில்தான் தேயும்.

உடம்பின் வியர்வையைச் சாட்சியாக ஒரு சந்தை ஒப்புக்கொள்கிறதே என்று எங்களுக்கு மகிழ்ச்சிதான். ஆனால் விலையை ஏற்றுவது வேறொன்று: அது யார் யார் கையில் இருந்தது என்ற பட்டியல். எந்த கவர்னர், எந்தப் பாரிஸ் வியாபாரி, எந்த ஓவியர் என்று வரிசையாகப் பெயர்கள் வரும். செதுக்கியவர் பெயர் பெரும்பாலும் இருக்காது. அருங்காட்சியகத்தில் பறையைக் கண்டால் நாங்கள் முதலில் பெயர் அட்டையைத்தான் படிப்போம். தோல், மரம், மாவட்டம் எல்லாம் இருக்கும். கட்டியவர் பெயரை நாங்கள் இதுவரை பார்த்ததில்லை.

மாலி நாட்டின் பம்பாரா மக்களிடம் முகமூடி செதுக்குபவர்கள் நூமூ எனப்படும் கொல்லர்கள். தொழில் பிறப்பால் வருகிறது. திருமணமும் வழக்கப்படி தங்களுக்குள்ளேதான். உழவர் குடிகள் அவர்களோடு சம்பந்தம் செய்வதில்லை. ஆனால் மண்வெட்டியும் முகமூடியும் அவர்கள் கையால்தான் வந்தாக வேண்டும். இதை நம் ஊர்ச் சாதியோடு அப்படியே ஒட்டிவிடவும் கூடாது. நூமூக்களின் ஆற்றலுக்கு ஊரே அஞ்சும். கோமோ என்ற சக்திவாய்ந்த இரகசியச் சங்கத்தை நடத்துபவர்களும் அவர்களே. அவ்வளவு அஞ்சப்பட்டவர்களின் பெயர்கூடச் சீட்டில் ஏறவில்லை. 'பம்பாரா' என்ற இனப்பெயரோடு முடித்துவிட்டார்கள்.

இன்னும் தெற்கே, காபோனில், ஃபாங் மக்களின் முகமூடி ஒன்று. குற்றவாளிகளைத் தேடித் தண்டித்த ஙில் சங்கத்தினுடையது. பிரெஞ்சு காலனி கவர்னர் ஒருவர் கொண்டுபோனது. அவருடைய பேரன் குடும்பம் வீட்டைக் காலிசெய்யும்போது பழைய சாமான் வியாபாரிக்கு 150 யூரோவுக்கு விற்றது. 2022 மார்ச்சில் மோன்பெலியே ஏலத்தில் அது 42 லட்சம் யூரோவுக்குப் போனது. அரங்கிலேயே காபோன் மக்கள் எழுந்து எதிர்ப்புத் தெரிவித்தார்கள், ஏலம் நிற்கவில்லை.

ஏமாந்துவிட்டோம் என்று விற்ற குடும்பம் வழக்குப் போட்டது. முகமூடியைத் திருப்பித் தரவேண்டும் என்று காபோன் அரசும் அதில் சேர்ந்துகொண்டது. 2023 டிசம்பரில் அலேஸ் நீதிமன்றம் இரண்டு கோரிக்கைகளையும் தள்ளுபடி செய்தது.