செரெங்கெட்டிப் புல்வெளி

வனவிலங்குச் சரணாலயம் என்றவுடன் அடர்ந்த காட்டை நினைப்பது நம்மவர் வழக்கம். தன்சானியா நாட்டுச் செரெங்கெட்டி அத்தகையதன்று. கண்ணெட்டுந் தூரமும் புல், இடையிடையே குடை விரித்தாற்போன்ற வேலமரங்கள், ஆங்காங்கே பாறைக்குன்றுகள். மசாய் மக்களின் மொழியில் எல்லையற்ற வெளி எனப் பொருள்படும் சொல்லிலிருந்தே அப்பெயர் பிறந்ததென்பர்.

எம்மிடம் தமிழ் பயின்ற பழைய மாணவரொருவர் தொழில் நிமித்தம் அருஷா நகரில் வாழ்கின்றார். அவரது அழைப்பை ஏற்று மாசி மாதத்தில் மூன்று நாள் அவ்வெளியில் உலாவினோம். சிங்கங் கண்டோம். பகலின் பெரும்பகுதியை உறக்கத்திற் கழிக்கும் அதனைப் பற்றி எழுதுதற்கு அதிகமில்லை. பாடப்புத்தகத்துச் சிங்கமே கம்பீரம் மிக்கது.

எம் உள்ளத்தைக் கவர்ந்தது வில்டபீஸ்ட் என்னும் மானினமே. மாட்டின் கொம்பும் ஆட்டின் தாடியும் குதிரையின் வாலும் கொண்ட அதனை, எஞ்சிய உறுப்புகளை வைத்தே பிரமன் படைத்தானோ என எண்ணத் தோன்றும். ஏறக்குறைய 13 இலட்சம் விலங்குகள் மழையைத் தொடர்ந்து ஆண்டுதோறும் கென்யாவின் மசாய் மாரா வரை சென்று மீளுகின்றன. யாம் சென்றது கன்றீனும் பருவம். எம் கண்முன் பிறந்த கன்றொன்று மூன்று முறை விழுந்து, நான்காம் முறை எழுந்து தாயின் பின்னே ஓடிற்று. மாணவர் கைக்கடிகாரத்தை நோக்கி, "ஏழு நிமிடம், சேர்" என்றார்.

இவ்வெளியை மனிதன் தீண்டாத இயற்கையென விளம்பரஞ் செய்வர். அஃது எமக்கு உடன்பாடன்று. 1890ஆம் ஆண்டையடுத்துக் கிழக்காபிரிக்காவிற் பரவிய மாட்டு வெக்கை நோயினால் மசாய் மக்களின் மாடுகளும் வில்டபீஸ்டுகளும் ஒருங்கே மாண்டன. மக்களும் பஞ்சத்தால் மடிந்தனர். பிற்காலத்திற் சுற்றுப்புறத்து மாடுகளுக்குத் தடுப்பூசி இடப்பட்டது. 1961இல் ஏறக்குறைய 2½ இலட்சமாயிருந்த வில்டபீஸ்டுகள் 1977இல் 13 இலட்சத்தைத் தாண்டின. மாட்டுக்கிட்ட ஊசி மானைக் காத்தது! மந்தை பெருகப் புல் குறைந்தது; புல் குறையத் தீ குறைந்தது; தீ குறைய இளமரங்கள் தழைத்தன.

அம்மாடுகளை மேய்த்தோர் நிலை யாது? 1951இல் செரெங்கெட்டி தேசியப் பூங்காவாயிற்று. 1959இல் பிரித்தானிய ஆட்சியினர் மசாய் மக்களை அங்கிருந்து அகற்றி, அயலிலுள்ள இங்கோரோங்கோரோவிற் குடியமர்த்தினர். 2022இல் அங்கிருந்தும் மக்களைத் தொலைவிலுள்ள ஹண்டேனி மாவட்டத்துக்குப் பெயர்க்கும் திட்டத்தை அரசு தொடங்கிற்று. செரெங்கெட்டியின் மொரு என்னுமிடத்துப் பாறையில் மசாய் வீரர் தீட்டிய கேடயங்கள் மட்டும் இன்றும் சிவந்து நிற்கின்றன.

திரும்பும் வழியில், இங்கோரோங்கோரோச் சாலையோரம் மாடு மேய்த்து நின்ற முதியவர் ஒருவருடன் மாணவர் சுவாகிலி மொழியிற் பேசினார். அவருடைய தந்தையார் பிறந்தது மொருவின் அருகேயாம். அவ்விடத்தைப் பார்த்ததுண்டோ என வினவுவித்தோம். மாடுகளை விட்டு எங்ஙனம் போவது என்று நகைத்தார். பின்னர் எமக்கு எத்தனை மாடுகள் உள என்று கேட்டார். ஒன்றுமில்லை என அறிந்ததும் எம்மை மிக்க இரக்கத்துடன் நோக்கினார்.