துணை எவ்வளவு குறைந்திருக்கிறது?

பிள்ளையைச் சிலம்ப வகுப்பில் சேர்த்து இரண்டு மூன்று மாதம் ஆனதும் பெற்றோர் கேட்பது ஒன்றுதான்: "அடுத்த லெவலுக்கு எப்ப மாஸ்டர் அனுப்புவீங்க?" திண்டுக்கல்லில் சாயங்கால நேரத்தில் பிள்ளைகள் கம்பு சுற்றும் மைதானத்து ஓரமாக நின்றால் இந்தக் கேள்வி காதில் விழும். கேட்பதில் குற்றமில்லை. வேலை முடிந்த அலுப்போடு வண்டியில் கூட்டிவந்து, வகுப்பு முடியும்வரை வேப்பமரத்தடியில் காத்திருப்பவர்களுக்குக் கேட்கும் உரிமை முழுக்க உண்டு. என்னை உறுத்துவது அதற்குக் கிடைக்கும் பதில். "ஒத்தக் கம்பு முடிஞ்சிருச்சு, அடுத்த மாசம் ரெட்டைக் கம்பு, அப்புறம் சுருள்வாள்" என்கிறார்கள். பாடத்தை நடத்தி முடித்த கணக்கு அது. பிள்ளை எங்கே நிற்கிறது என்ற கணக்கு அதில் இல்லை.

சாணார்பட்டி, வேடசந்தூர் பக்கத்துக் கிராமங்களில் தொடக்கப் பள்ளி ஆசிரியராகவே என் உத்தியோக காலம் போனது. அங்கே தெரிந்துகொண்ட ஒன்றைப் பயிற்சியாளர்களிடமும் பெற்றோரிடமும் சொல்லியாக வேண்டும் என்று நினைக்கிறேன். ஒரு பிள்ளை முன்னேறியிருக்கிறதா என்று அறிய, அதற்கு எத்தனை வித்தை தெரியும் என்று எண்ணிக்கொண்டிருக்க வேண்டாம். அதே காரியத்தைச் செய்ய முன்பு எவ்வளவு துணை வேண்டியிருந்தது, இப்போது எவ்வளவு வேண்டியிருக்கிறது என்று பாருங்கள்.

இதை எனக்குத் தெளிவாகக் காட்டியது செயல்வழிக் கற்றல். 2003-ல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகள் சிலவற்றில் தொடங்கி, 2007-08-ல் தமிழகம் முழுவதும் அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கு வந்த முறை. ஆந்திராவில் ரிஷிவேலிப் பள்ளியினர் தம்மைச் சுற்றியிருந்த கிராமப் பிள்ளைகளுக்காக உருவாக்கியதுதான் அதற்கு மூலம். சுவரில் ஏணிப்படி தொங்கும். ஒவ்வொரு படிக்கும் ஒரு சின்னம், ஒரு அட்டை. காலையில் வகுப்புக்குள் நுழையும் பிள்ளை நேற்று விட்ட படியைத் தானே தேடி, அடுத்த அட்டையைத் தானே எடுத்துக்கொண்டு உட்காரும். பெஞ்சு கிடையாது; தரையில் பாய். கைக்கெட்டும் உயரத்தில் சுவரைச் சுற்றிக் கரும்பலகை.

அந்த முறையில் நான் மிகவும் மதித்தது அதன் ஆறு குழுக்களை. முதல் குழுவில் ஆசிரியர் முழுவதும் கூடவே இருப்பார். இரண்டாவதில் பாதி நேரம் இருப்பார். மூன்றாவதில் சக மாணவர் துணை, நான்காவதில் அதுவும் பாதிதான். ஐந்தாவதில் பிள்ளை தனியாகச் செய்யும். ஆறாவது குழு மதிப்பீட்டுக்கு. துணை கொஞ்சம் கொஞ்சமாக விலகுவதற்கே ஐந்து கட்டங்களை ஒதுக்கி, அதற்குப் பிறகுதான் சோதனையை வைத்தார்கள். யோசித்தவர்களுக்குக் குழந்தையைத் தெரிந்திருந்தது. ஒரு எழுத்தை ஆசிரியர் வாயைப் பார்த்துச் சொல்லும் பிள்ளையும், பக்கத்துப் பிள்ளையின் விரலைப் பார்த்துச் சொல்லும் பிள்ளையும், கடைவீதிப் பலகையில் தானே கண்டுபிடித்துச் சொல்லும் பிள்ளையும் ஒரே படியில் இல்லை. தேர்வுத்தாளில் மூவருக்கும் ஒரே மதிப்பெண் விழலாம்.

குறையும் இருந்தது. அடைவு அட்டவணையில் டிக் விழுவதே நோக்கமாகிப்போன வகுப்புகளும் உண்டு. பார்வைக்கு அதிகாரி வரும் நாளில் பிள்ளைகள் எல்லோரும் திடீரென்று இரண்டு படி ஏறியிருப்பார்கள். 2022-ல் எண்ணும் எழுத்தும் திட்டம் வந்தபோது பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்தார்கள். மூன்றாம் வகுப்புப் பிள்ளை அரும்பில் உட்காரலாம்; அதன் வயதைச் சொல்லி யாரும் இடிக்கக் கூடாது. அந்த எண்ணம் எனக்குப் பிடித்தது. ஆனாலும் "எம்புள்ள இன்னுமா அரும்பு?" என்று கேட்கும் தாயின் முகத்தைப் பார்த்த ஆசிரியர் சீக்கிரமே மொட்டுக்கு மாற்றிவிடுவார். இரக்கத்தில் செய்வதுதான். அதற்கான விலையைப் பிள்ளை ஐந்தாம் வகுப்பில் கொடுக்கும்.

சிலம்பத்துக்கு வருகிறேன். கம்பின் உயரம் ஆடுகிறவர் நெற்றி அளவு இருக்க வேண்டும் என்பது வழக்கம். பிள்ளை வளர வளரக் கம்பும் மாறும். உடம்பின் வளர்ச்சிக்கு இப்படி ஓர் அளவு கையிலேயே இருக்கிறது. வித்தையின் வளர்ச்சிக்கு அளவு காலில் இருக்கிறது. இங்கே ஒரு வாத்தியாரிடம் அதைக் கண்ணால் பார்த்தேன். பிள்ளைகள் காலடி பழகும்போது அவர் யாருடைய கம்பையும் பார்க்கவில்லை. முடித்ததும் எல்லோரையும் விலகச் சொல்லிவிட்டுச் செம்மண் தரையைப் பார்த்தார். சுவடு சரியாக வைத்த பிள்ளை நின்ற இடத்தில் தடங்கள் தனித்தனியாக, அழுத்தமாக விழுந்திருந்தன. காலை இழுத்த பிள்ளையின் இடத்தில் கோடு கோடாக மண் சீவியிருந்தது. ஒன்பது வயதிருக்கும் ஒரு பெண் பிள்ளை தன் தடத்தைக் குனிந்து பார்த்து, "பின்னங்கால் திரும்பவே இல்ல மாஸ்டர்" என்றாள். "அப்ப நீயே சரி பண்ணு, நான் பேச மாட்டேன்" என்று அவர் அடுத்த பிள்ளையிடம் போய்விட்டார்.

அந்தப் பிள்ளை அன்றைக்கு ஒரு படி ஏறிவிட்டாள் என்பேன். புதிதாக எந்த வீச்சும் கற்கவில்லை. தன் பிழையைத் தானே கண்டாள். வாத்தியாரின் கண் அவளுக்கு அந்த அளவு தேவையற்றுப் போனது. இதே காலடியை முதலில் வாத்தியார் எண்ணிக்கை சொல்லச் சொல்ல வைக்க வேண்டும். பிறகு மூத்த பிள்ளை ஒருத்தி பக்கத்தில் வைப்பதைப் பார்த்து. பிறகு யாரும் இல்லாமல். பிறகு எதிரே ஒருவர் கம்போடு வரும்போது. தொடுமுறைப் போட்டியில் எதிராளியைத் தொட்டதற்குத்தான் புள்ளி. அங்கே ரெட்டைக் கம்பு தெரியுமா என்று யாரும் கேட்பதில்லை, பின்னங்கால் திரும்புகிறதா என்பதே பிள்ளையைக் காப்பாற்றும்.

இந்தக் கணக்கு சிலம்பத்துக்கு மட்டுமல்ல. இப்போது பையன்கள் கைப்பேசியில் பார்கூர் பார்க்கிறார்கள். சுவருக்குச் சுவர் தாவுவது, மாடியிலிருந்து உருண்டு இறங்குவது. பிரான்ஸில் பாரிஸுக்குப் பக்கத்தில் லிஸ் என்ற ஊரில் டேவிட் பெல் என்பவரும் அவர் தோழர்களும் வளர்த்த கலை அது. டேவிட்டின் தந்தை ரேமோன் பெல் வியட்நாமில் பிறந்தவர், பாரிஸ் தீயணைப்புப் படையில் வேலை பார்த்தவர். ஆபத்தில் தப்பவும் பிறரைக் காப்பாற்றவும் உடம்பைப் பழக்குவது அவர் வழி. அதற்கும் முன்னால் ஜார்ஜ் எபேர் என்ற கடற்படை அதிகாரி, 1902-ல் மார்த்தினிக் தீவில் எரிமலை வெடித்தபோது மீட்பு வேலையில் இருந்தவர், பிறருக்குப் பயன்படுவதற்காகவே பலம் வேண்டும் என்று பயிற்சி முறையே வகுத்தார். பார்கூரின் வேர் அங்கே போகிறது.

தொடக்கத்தில் அதற்குப் பட்டையும் கிடையாது, நிலையும் கிடையாது. பிறகு வகுப்புகள் வந்தன. 2017-ல் பிரிட்டன் அதை விளையாட்டாக அங்கீகரித்தது. 2022-ல் டோக்கியோவில் உலகப் போட்டியே நடந்தது. நிலை பிரித்துத்தான் ஆக வேண்டும் என்றாயிற்று. அப்போதும் நல்ல பயிற்சியாளர்கள் முதலில் கவனிப்பது இறங்கும் சத்தத்தை. முழங்கால் உயரத் திண்டிலிருந்து தொப்பென்று விழுகிறவனை இடுப்பு உயரத்துக்கு ஏற்ற மாட்டார்கள். பாதத்தின் முன்பகுதி முதலில் பட்டு, முழங்கால் மடங்கி, சத்தம் அடங்கிய பிறகே அடுத்த உயரம். நம் பையன்கள் பார்க்கும் அரை நிமிட வீடியோவில் அப்படிப் பழகிய வருஷங்கள் தெரிவதில்லை. அதைப் பார்த்துவிட்டு மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரில் ஏறுகிற பிள்ளையை நினைத்தால் எனக்கு நெஞ்சு பதறுகிறது. செய்ய ஆசையென்றால் தரையில் தொடங்கட்டும், பக்கத்தில் விஷயம் தெரிந்த ஒருவர் நிற்கட்டும்.

சான்றிதழைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். 2021-ல் தமிழக அரசு, அரசு வேலைக்கான 3 சதவீத விளையாட்டு இடஒதுக்கீட்டில் சிலம்பத்தையும் சேர்த்தது. 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா போட்டிகளில் சிலம்பம் காட்சி விளையாட்டாக இடம்பெற்றது. இரண்டும் நியாயமான பெருமைகள், நெடுங்காலம் காத்திருந்து கிடைத்தவை. அந்தப் பெருமையின் நிழலிலேயே, ஆறு வயதுப் பிள்ளையை மணிக்கணக்கில் கம்பு சுற்றவைத்து "உலக சாதனை" என்று கேடயம் கொடுப்பதும் பெருகிவிட்டது. தோள் வீங்கிப்போகும் அளவுக்கு ஒரே சுற்றைச் சுற்றுவது எந்தப் படியும் இல்லை. பெற்றோர் மறுத்துவிட வேண்டும்.

வகுப்பு நடத்துகிறவர்களிடம் நான் கேட்பது ஒரு நாற்பது பக்க நோட்டு. பத்துக்கு ஏழு, பத்துக்கு எட்டு என்று எண் போட வேண்டாம். மாதத்துக்கு இரண்டு வரி போதும்: "நாலு திசைக் காலடி, எண்ணிக்கை சொல்லாமல் செய்கிறாள். இடப்பக்கம் திரும்பும்போது குதிகால் தூக்குகிறது. எதிரில் ஆள் வந்தால் சுவடு மறக்கிறது." பக்கத்தில் ஒரு கட்டத்தில் யார் துணையோடு என்று எழுத வேண்டும்: மாஸ்டர், அக்கா, யாருமில்லை. எழுதத் தெரிந்த பிள்ளை இரண்டு வரியில் ஒரு வரியைத் தானே எழுதட்டும். எழுதும்போதுதான் தன் உடம்பு என்ன செய்கிறது என்று யோசிக்கும். கைப்பேசியில் படம் எடுப்பதானால் மாதம் ஒருமுறை, அதே காலடியை, அதே பக்கத்திலிருந்து எடுங்கள். ஸ்டேட்டஸில் போடுவதற்கு முன் பிள்ளையோடு உட்கார்ந்து பழைய படத்தையும் புதியதையும் அடுத்தடுத்துப் பாருங்கள்.

காலம் கடத்துவதும் கெடுதிதான் என்பதை மறக்கக் கூடாது. தனியாகச் செய்யத் தெரிந்த பிள்ளையைக் கட்டணத்துக்காகவோ ஆண்டு விழா வரிசைக்காகவோ அதே இடத்தில் நிறுத்திவைத்தால் அதன் ஆசை வற்றிப்போகும். நோட்டு இருந்தால் அந்த அநியாயமும் வெளியே தெரியும்.

அந்த நோட்டு பிள்ளையின் பையில் இருக்க வேண்டும், வகுப்பின் அலமாரியில் பூட்டி வைக்கக் கூடாது என்று ஏன் வற்புறுத்துகிறேன் என்றால், நம் பக்கத்துக் குடும்பங்கள் ஓரிடத்தில் நிலைத்திருப்பவை அல்ல. மழை பொய்த்தால் திருப்பூருக்குப் போகிறார்கள், மில் வேலைக்காக வேடசந்தூருக்கு மாறுகிறார்கள். புது ஊரில் புது வாத்தியார், "முதல்லேர்ந்து ஆரம்பிப்போம்" என்பார். இரண்டு வருஷம் பழகிய பிள்ளை புதிதாகச் சேர்ந்தவர்களோடு வணக்கம் போடக் கற்றுக்கொண்டு நிற்கும். பாதிப் பேர் அதோடு நின்றுவிடுகிறார்கள். நோட்டைக் கையில் கொடுத்தனுப்பினால், "இடப்பக்கம் குதிகால் தூக்குவாளாம், எங்கே காட்டு பார்ப்போம்" என்று அந்த வாத்தியார் முதல் நாளே தொடங்கலாம்.